இடது காது

சங்கரன்கோவில் பக்கம் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். கேசரி, மிக்சர், காபி எல்லாம் முறைப்படி வந்தன. பெண்ணின் பெரியப்பா எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சம்பளம் கேட்டார், சென்னையில் சொந்த வீடா வாடகையா என்று கேட்டார். ஆனால் அவர் கண் என் முகத்தில் நிற்கவில்லை, முகத்துக்குப் பக்கத்திலேயே எதையோ மேய்ந்துகொண்டிருந்தது. கடைசியில் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார்.

"தப்பா நெனைக்காதீக தம்பி. காதுல என்னது, தீக்காயமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "ஆமாங்க, சின்னப்புள்ளையில வெந்நி கொட்டிட்டு."

திரும்பி வரும்போது பஸ்ஸில், "எதுக்கும்மா பொய் சொன்ன?" என்றேன்.

"அடி வாங்கி அடி வாங்கி இப்பிடி ஆயிட்டுன்னு சொன்னா பொண்ணு குடுப்பாகளால?"

பொய் சொல்லியும் அந்தச் சம்பந்தம் கூடிவரவில்லை. வெந்நீர் காரணமா வாடகை வீடு காரணமா என்று யாரும் சொல்லவில்லை.

என் இடது காது மடலின் மேல்பாதி, புளித்துப் பொங்கிய இட்லி மாவு அப்படியே கெட்டிப்பட்டதுபோல இருக்கும். மடிப்பு கிடையாது, பள்ளம் கிடையாது. இயர்போன் உள்ளே நிற்காது. வலது காது பரவாயில்லை, மேல் விளிம்பில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு முடிச்சு மட்டும். மல்யுத்தம், ஜூடோ, எல்லாம் கலந்த எம்எம்ஏ என்று கட்டிப் புரளுகிற சண்டை எதைப் பழகினாலும் இது வரும். நாங்கள் காலிஃப்ளவர் காது என்போம். ஊரில் எனக்கு முடி வெட்டுகிற அண்ணன் 'முறுக்குக் காது' என்று பெயர் வைத்தார், அதுதான் நிலைத்தது.

எம்எம்ஏ கூண்டுக்குள் நான் ஆடியது ஒன்பது ஆட்டம். ஐந்தில் ஜெயித்தேன், நான்கில் தோற்றேன். கோப்பைகளை வாடகை வீடு மாறும்போதெல்லாம் எங்கெங்கோ விட்டுவிட்டேன். காது மட்டும் கூடவே வருகிறது.

*

எங்கள் குடும்பத்தில் காதுக்கு ஒரு கதை உண்டு. ஆச்சிக்குக் காது தோளைத் தொடும். பாம்படம் போட்டு வளர்த்த காது. அஞ்சு வயதில் காதை அறுத்து, துளையில் பஞ்சுத்திரி வைத்து, புண் ஆறியபின் ஈயக் குணுக்கு மாட்டித் தொங்கவிட்டார்களாம். ராத்திரி எந்தப் பக்கம் ஒருக்களித்தாலும் வலிக்குமாம். "மல்லாக்கப் படுத்தே வளந்தேன்" என்பாள். அப்பா கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடை போட்டபோது முன்பணத்துக்கு அந்தப் பாம்படம் போய்விட்டது. எனக்கு நினைவு தெரிந்து ஆச்சியின் காதுகள் வெறுமனே ஆடிக்கொண்டிருந்தன. அவள் மடியில் படுத்து அந்த வளையத்துக்குள் விரலை விட்டுச் சுற்றுவதுதான் எனக்கு விளையாட்டு.

எனக்குக் காது குத்தியது சாஸ்தா கோயிலில், ஒரு பங்குனி உத்திரத்தன்று. மாமா மடியில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஆசாரி ஊசியை எடுத்ததும் மாமாவின் கையைக் கடித்து ரத்தம் வரவைத்துவிட்டேனாம். பின்னாளில் நான் சண்டைக்குப் போனேன் என்று கேள்விப்பட்டவுடன் மாமா சொன்னது, "மொத ஆட்டம் எங்கூடத்தான்."

கோவில்பட்டி ஹாக்கி ஊர். எங்கள் தெருவில் மட்டை இல்லாத வீடு குறைவு. ஹாக்கி ஆடினால் ரயில்வேயிலோ வங்கியிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும், அப்படிக் கிடைத்தவர்களை அப்பா டீக்கடையில் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் மட்டை வாங்கிக் கொடுத்தார். எனக்கு ஓட்டம் வரவில்லை, பந்து வரவில்லை. மட்டையைக் கீழே போட்டுவிட்டு எதிராளியைக் கட்டிப் பிடித்துத் தள்ளுவதுதான் வந்தது. பி.டி. சார் என்னை ஜூடோ பக்கம் திருப்பிவிட்டார்.

அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தாள். குச்சி அடுக்குகிற வேலை, எத்தனை சட்டம் அடுக்கினாளோ அத்தனைக்குக் கூலி. அந்தக் கூலியிலும் டீக்கடை வருமானத்திலும்தான் 2009இல் என்னை இன்ஜினியரிங் படிக்கச் சென்னைக்கு அனுப்பினார்கள்.

*

வேளச்சேரியில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்ட எம்எம்ஏ ஜிம். 2011இல் கல்லூரி ஜூடோ அணியில் கூட ஆடுகிறவன் அழைத்துப் போனான். மாஸ்டர் ராயபுரத்துக்காரர். அவருடைய அப்பா ரோஷமான குத்துச்சண்டை நடந்த காலத்து ஆள். சார்பட்டா, இடியப்ப நாயக்கன் என்று பரம்பரைப் பேச்சைக் கேட்டே வளர்ந்தவர் மாஸ்டர். 1980இல் முகமது அலி மெட்ராசுக்கு வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டபோது, அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்ததாகச் சொல்வார். எத்தனை தடவை சொன்னாலும் அலி கையசைத்தது இவரைப் பார்த்துத்தான்.

அப்படிப்பட்டவர் குத்துச்சண்டையோடு நிற்காமல் இந்தப் பக்கம் வந்ததற்கு ஒரு பழைய வீடியோ காரணம். 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த, கூண்டுச் சண்டையான யுஎஃப்சியின் முதல் போட்டி. பிரேசில்காரர் ராய்ஸ் கிரேசி, பார்வைக்கு ஒல்லியான ஆள், ஒரே ராத்திரியில் மூன்று பேரைக் கீழே தள்ளி அமுக்கி ஜெயித்தார். அந்த மூன்று பேரில் முதல் ஆள் ஆர்ட் ஜிம்மர்சன், தொழில்முறைக் குத்துச்சண்டை வீரர்.

"ஒத்தக் கைல கிளவுஸ் மாட்டிக்கினு உள்ள போனாருடா நம்மாளு" என்று மாஸ்டர் ஆரம்பிப்பார். உலகத்துக் குத்துச்சண்டைக்காரர்கள் எல்லாருமே அவருக்கு நம்மாளுதான். "கீழ வுழுந்தாரு. அவன் மேல ஏறி ஒக்காந்தான். ஒரு நல்ல அடிகூடப் படல. தட்டிட்டாரு. அன்னிக்கு எனக்குத் தூக்கமே வர்ல."

தட்டுவது என்றால் தோல்வியை ஒப்புக்கொள்வது. எதிராளி உடம்பிலோ தரையிலோ கையால் இரண்டு மூன்று தட்டு. உடனே விட்டுவிட வேண்டும். எங்கள் ஜிம்மில் முதல் நாள் சொல்லித் தந்தது குத்தையோ உதையையோ அல்ல, தட்டுவதைத்தான். "சீக்கிரம் தட்றவன் ரொம்ப நாள் ஆடுவான்" என்பார் மாஸ்டர். ஜிம்முக்குள் நான் ஆயிரம் தடவை தட்டியிருப்பேன். ஜிம்முக்கும் கூண்டுக்கும் வெளியே ஒருதரம்கூடத் தட்டத் தெரியவில்லை.

*

2012இல் மும்பையில் சூப்பர் ஃபைட் லீக் என்ற எம்எம்ஏ போட்டித் தொடர் தொடங்கியது. மார்ச் மாதம் முதல் போட்டி. பாப் சாப் போன்ற மலைபோன்ற ஆட்கள் வந்தார்கள், சினிமாக்காரர்கள் வந்தார்கள், டிவியில் காட்டினார்கள். கிரிக்கெட்டுக்கு வந்த வாழ்வு எங்களுக்கும் வந்துவிட்டது என்று கொட்டகையில் நாங்கள் எல்லாரும் நம்பினோம். கடைசி வருஷப் படிப்பில் கல்லூரிக்கு வந்த கம்பெனி ஒன்று என்னை எடுத்தது. நான் போகவில்லை. வீட்டில் போவதாகச் சொன்னேன்.

அந்த வருஷம்தான் காது போனது. அரியானாவிலிருந்து வந்த ஒரு குஸ்திக்காரனோடு பயிற்சி. என் தலையை அவன் நெஞ்சோடு அணைத்து முறுக்கியதில் இடது காது தரையில் விரித்த மேட்டில் உரசி மடங்கியது. ராத்திரி அது பலூன் மாதிரி வீங்கிக்கொண்டது. தொட்டால் தண்ணீர்ப் பை போலக் குலுங்கும்.

டாக்டர் ஊசி வைத்து ரத்தத்தை உறிஞ்சி எடுத்தார். காதுமடலுக்குள் இருக்கும் குருத்தெலும்புக்குச் சொந்தமாக ரத்தக்குழாய் கிடையாதாம். மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்விலிருந்துதான் அதற்குச் சாப்பாடு. சவ்வுக்கும் எலும்புக்கும் நடுவில் ரத்தம் தேங்கினால் சாப்பாடு நின்றுபோகும், குருத்தெலும்பு செத்துப்போகும், அந்த இடத்தில் தாறுமாறாகப் புதுச்சதை இறுகிவிடும். அதற்குத்தான் உடனே உறிஞ்சி, சவ்வு மறுபடி ஒட்டும்வரை அழுத்திக் கட்டிவைப்பது. என் காதின் இரண்டு பக்கமும் சட்டைப் பொத்தான் வைத்து நடுவில் தையல் போட்டார். "ரெண்டு வாரம் யார் கையும் காதுல படக்கூடாது" என்றார்.

ஒன்பதாவது நாள் எனக்கு முதல் ஆட்டம். எட்டாவது நாள் பொத்தானைக் கத்தரித்துவிட்டேன்.

ஆட்டத்தில் ஜெயித்தேன். காது மறுபடி வீங்கி, ஒரு மாதத்தில் கல்லாகிவிட்டது. உள்ளுக்குள் சந்தோஷம்தான். எங்கள் உலகத்தில் அந்தக் காது ஒரு பூணூல் மாதிரி, ரயிலில் எதிர் சீட்டுக்காரனுக்கும் அப்படி இருந்தால் எழுந்து போய்க் கைகொடுப்போம். ரோம் நகரில் 1885இல் மண்ணுக்குள்ளிருந்து எடுத்த ஒரு பழைய கிரேக்க வெண்கலச் சிலையின் படத்தை மாஸ்டர் சுவரில் ஒட்டியிருந்தார். குத்துச்சண்டைக்காரன் ஒருவன் ஆட்டம் முடிந்து கையைத் தொடைமேல் போட்டு உட்கார்ந்திருக்கிறான். மூக்கு உடைந்திருக்கிறது. காயங்களில் ரத்தம் தெரிவதற்குச் செம்பு பதித்திருக்கிறார்கள். காது வீங்கியிருக்கிறது. யாரோ கூப்பிட்டதுபோல வலது தோளுக்கு மேலே தலையைத் திருப்பிப் பார்க்கிறான். "ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடியே நம்ம காதுதாண்டா" என்பார் மாஸ்டர்.

அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். அம்மா அழுதாள். அப்பா, "கவர்மெண்டு வேலைக்கு ஆகுமால இந்தச் சண்ட?" என்று மட்டும் கேட்டார். ஆகாது. ஜூடோவுக்கு, மல்யுத்தத்துக்கு, குத்துச்சண்டைக்கு ஒதுக்கீட்டுப் பட்டியலில் இடம் உண்டு, மூன்றையும் சேர்த்து ஆடுகிற எங்களுக்கு இல்லை. ஆச்சி மட்டும் பக்கத்தில் கூப்பிட்டுக் காதைத் தடவிப் பார்த்தாள். "ஒனக்கும் காது வளத்துட்டாகளா?" என்று சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "எந்தப் பக்கம் படுக்க?" என்று கேட்டாள். வேறு யாரும் அதைக் கேட்கவில்லை.

*

எனக்குப் பிரிவு ஃபெதர்வெயிட். 145 பவுண்டு, நம் கணக்கில் 65.8 கிலோ. சாதாரண நாளில் நான் 74 கிலோ இருப்பேன். நடுவில் உள்ள எட்டுக் கிலோவில் பாதியை ஆறு வாரப் பட்டினியில் இறக்க வேண்டும், மீதி பாதி கடைசி இரண்டு நாளில் வெறும் தண்ணீராக வெளியே போக வேண்டும். முதலில் நாளுக்கு எட்டு லிட்டர் குடித்து உடம்பை ஏமாற்றுவது. பிறகு நான்கு, இரண்டு, ஒன்று, கடைசி நாள் ஒன்றுமில்லை. உப்பு கிடையாது. சானா வசதி எங்களுக்கு ஏது? சென்னை வெயிலே போதும். மொட்டை மாடியில் பிளாஸ்டிக் மழைக்கோட்டு போட்டு, மேலே ஸ்வெட்டர் போட்டு, கயிறு தாண்டுவேன். வேர்வை நின்றதும் பபிள்கம் மென்று பாட்டிலுக்குள் எச்சில் துப்புவேன். நூறு கிராம் எச்சில் சேர ஒரு மணி நேரம் ஆகும்.

அந்த நேரத்தில்தான் அம்மா போன் பண்ணுவாள். அவள் போன் எப்போதும் ஒரே கேள்வியில்தான் தொடங்கும்.

"சாப்டியால?"

"சாப்ட்டேம்மா."

"என்ன கொழம்பு?"

வறண்ட நாக்கை மேலண்ணத்திலிருந்து பிரித்து, வத்தக்குழம்பு என்பேன், மீன் குழம்பு என்பேன். ஒருநாள் உண்மையாகவே வாயில் மீன் குழம்பு வாசனை வந்து, போனை வைத்துவிட்டு அழுதேன். கண்ணீர் வரவில்லை. உடம்பில் அதற்குத் தண்ணீர் இல்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரி மூழ்கியபோது எங்கள் கொட்டகைக்குள் கழுத்தளவு தண்ணீர். மாஸ்டர் கடன் வாங்கிப் போட்ட மேட்டெல்லாம் சேறு குடித்துக் கனத்தன. அவற்றைச் சுவரோரம் சாய்த்துக் காயவைத்துக்கொண்டிருந்தபோது மணிலாவிலிருந்து செய்தி வந்தது. யாங் ஜியான் பிங் என்ற சீனப் பையன், வயது 21, ஒன் சாம்பியன்ஷிப் போட்டிக்காக எடை குறைக்கும்போது மயங்கி விழுந்து, டிசம்பர் 11 அன்று இறந்துவிட்டான். அந்த நிறுவனம் அதன்பின் உடம்பை வறளவைத்து எடை குறைப்பதையே தடை செய்தது. சிறுநீரைச் சோதித்து உடம்பில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் எடை போட்டார்கள்.

நாங்கள் ஆடிய சின்னப் போட்டிகளில் அப்படி ஒன்றும் கிடையாது. ஒரு வாரம் அந்தப் பையனைப் பற்றிப் பேசினோம். மாஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "மேல் பிரிவுக்குப் போய்டுறியா?" என்றார். மேல் பிரிவில் என்னைவிட ஒரு சாண் உயரமானவர்கள் இருந்தார்கள். வேண்டாம் என்றேன். ஜனவரியில் மறுபடி மழைக்கோட்டு போட்டேன்.

*

காசைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் சம்பளம் இரண்டு பாதி. கூண்டுக்குள் ஏறினால் ஒரு பாதி, ஜெயித்தால் மறுபாதி. அந்த ஜனவரி ஆட்டத்தில் 15,000 பிளஸ் 15,000. ஜெயித்தேன், முப்பதாயிரம் வந்தது. எச்ஐவி, மஞ்சள் காமாலை ரத்தச் சோதனை, ரயில், கூட வந்த இரண்டு பேருக்குச் சாப்பாடு, மாஸ்டர் பங்கு, ஆறு வாரத்து முட்டை, கோழி. கணக்குப் பார்த்தபோது நான் இரண்டாயிரம் கொடுத்துச் சண்டை போட்டிருந்தேன்.

அதற்கு முன்னால் 2014இல் தாய்லாந்தின் ஃபூக்கெட் தீவுக்கு ஆறு வாரம் பயிற்சிக்குப் போனேன். சோய் தா-இயத் என்று ஒரு தெரு, நீளம் முழுக்கச் சண்டைக் கூடங்கள். உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் வந்து அடி வாங்கிப் போவார்கள். அதற்குப் பணம் வேண்டும் என்று போனில் சொன்னபோது, அம்மா என்ன சண்டை, எந்த ஊர் என்று கேட்கவில்லை. காதில் கிடந்த தோட்டைக் கழற்றி அடகு வைத்து அனுப்பினாள்.

அடுத்த தடவை ஊருக்குப் போனபோது பார்த்தேன். துளை தூர்ந்துவிடாமல் இருக்க இரண்டு காதிலும் விளக்குமாற்று ஈர்க்கை ஒடித்துச் செருகியிருந்தாள். ஆச்சி அப்போது உயிரோடு இல்லை.

"கவரிங்காவது வாங்கிப் போடேம்மா."

"நீ ஜெயிச்சு மீட்டுக் குடுப்பேல்ல" என்றாள்.

வட்டி கட்டச் சொல்லி வந்த கடிதங்களை அவள் எனக்குச் சொல்லவில்லை. 2017இல் தோடு ஏலத்தில் போனது. அதை எனக்குச் சொன்னது தங்கச்சி.

*

2016 ஆகஸ்டில் பயிற்சியின்போது ஒரு உதை இடது காதில் தட்டையாக விழுந்தது. பலம்கூட இல்லை. காதுக்குள் காகிதப் பை வெடித்த மாதிரி ஒரு சத்தம், தரை சரிந்தது, பிறகு விசில். வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்தியபோது காது வழியாகக் காற்று வந்தது.

செவிப்பறை கிழிந்திருந்தது. சின்னக் கிழிசல் தானாக ஆறிவிடும், காதுக்குள் தண்ணீர் போகக்கூடாது, சண்டை கூடாது என்றார் டாக்டர். நான் இரண்டையும் செய்தேன். சீழ் பிடித்தது. ஆறாமல் வடிந்துகொண்டே இருந்தது. ஆபரேஷன் பண்ணி ஒட்டுப் போட வேண்டும் என்றார்கள். அடுத்த ஆட்டம் முடியட்டும் என்றேன். ஆட்டத்துக்கு முன் நடந்த உடல் சோதனையில் கண்ணில் டார்ச் அடித்தார்கள், இரத்த அழுத்தம் பார்த்தார்கள். காது கேட்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மாஸ்டரிடமும் சொல்லவில்லை.

அந்த ஆட்டம் 2017இல் நடந்தது. ஐந்து நிமிஷ ரவுண்டு மூன்று. முதல் ரவுண்டு எனக்கு, இரண்டாவது அவனுக்கு. மூன்றாவதில் நான் குனிந்து அவன் காலைப் பிடித்தேன். கம்பி வலையோடு வைத்து நெருக்கினேன். மாஸ்டர் இருந்த மூலை என் இடது பக்கம்.

கூண்டுக்குள் கூட்டத்தின் சத்தம் கேட்காது. கேட்பது ஒரே குரல்தான், நம் மூலையின் குரல். கண்ணுக்குத் தெரியாததை அந்தக் குரல்தான் பார்த்துச் சொல்லும். "தலைய வெளிய எடு, தலைய வெளிய எடு" என்று மாஸ்டர் கத்தியதைப் பிறகு வீடியோவில் கேட்டேன். ஒன்பது தடவை கத்தியிருக்கிறார். அன்றைக்கு எனக்குக் கேட்டது கடல் சங்கைக் காதில் வைத்தால் வருமே, அந்த இரைச்சல் மட்டும். என் தலை அவன் கக்கத்துக்குள் இருந்தது. அவன் கையைக் கோத்து மேலே இழுத்தான். கில்லட்டின் சோக். கழுத்து அடைத்துக் கண் இருட்டியபோது தட்டினேன்.

"கேக்கலியாடா?" என்றார் மாஸ்டர், உடை மாற்றும் அறையில்.

"கேட்டுச்சு மாஸ்டர். செய்ய முடியல."

சொன்னதைக் கேட்கவில்லை என்று அவருக்கு வருத்தம். அதை நான் திருத்தவில்லை. காது கேட்காத சண்டைக்காரன் என்பதைவிடச் சொல்பேச்சுக் கேட்காத சண்டைக்காரன் என்பது எனக்குக் கௌரவமாகப் பட்டது. கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டகைக்குப் போவது நின்றது.

*

அந்த நவம்பரில் நான் ஓஎம்ஆர் சாலையில் ஒரு ஓட்டல் வாசலில் பவுன்சராக நின்றுகொண்டிருந்தேன். என் காதைப் பார்த்தே வேலை கொடுத்தார்கள், குடித்துவிட்டு வருகிறவனுக்கு அதைப் பார்த்தால் பாதி போதை இறங்கிவிடும் என்று மேனேஜர் சொன்னார். ஷாங்காயில் யுஎஃப்சி நடந்தது. பரத் கண்டாரே என்ற மராட்டிக்காரர், யுஎஃப்சியில் ஆடிய முதல் இந்தியர். ராத்திரி வேலை முடிந்து தூங்காமல் உட்கார்ந்து போனில் பார்த்தேன். சாங் யாடோங் என்ற சீன இளைஞன் முதல் ரவுண்டிலேயே அவரை முடித்துவிட்டான். கில்லட்டின் சோக்.

போனை அணைத்துவிட்டு என் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தேன். அதன்பின் ஒரு வருஷத்துக்கு மேல் எந்தச் சண்டையையும் பார்க்கவில்லை. பகலெல்லாம் தூங்குவேன். சாவியை எங்கே வைத்தேன் என்று மறந்தால் பயம் வரும், வாங்கிய அடிகளை எண்ணுவேன். ஒரு சின்ன விஷயத்துக்குக் கூட இருந்த நண்பனைச் சுவரோடு வைத்து அமுக்கி, அவன் என் தோளில் இரண்டு தட்டுத் தட்டியபோதுதான் கையை எடுத்தேன். அவன் சண்டை பழகியவன் இல்லை. என்னைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தான்.

2018இல் தங்கச்சி கல்யாணம். அண்ணன் செய்ய வேண்டியதில் நான் செய்தது பந்தி பரிமாறியதும் பாத்திரம் தூக்கியதும். மொய் எழுதுகிற இடத்தில் ஒரு சித்தப்பா, "அண்ணங்காரன் என்ன போட்டான்?" என்று கேட்டது வலது பக்கமிருந்து. நன்றாகவே கேட்டது.

கல்யாணம் முடிந்து சென்னைக்குத் திரும்பியதும் ராயபுரத்துக்குப் போய் மாஸ்டரிடம் காதைக் காட்டினேன். அவர் என் இடது பக்கம் வந்து நின்று மெதுவாக என்னவோ சொன்னார். கேட்கவில்லை. வலது பக்கம் வந்தார்.

"ஒம்போது வாட்டி கத்துனேண்டா" என்றார்.

காதில் ஒட்டு அறுவை செய்தோம். சீழ் நின்றது, கேட்பது பாதிதான் திரும்பியது. கொட்டகையில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரச் சொன்னார். இன்றைக்கும் அந்த வேலைதான். காது வீங்கி வருகிறவனை இரண்டு வாரம் உள்ளே விடமாட்டேன், அழுதாலும் விடமாட்டேன். உடம்பை வறளவிட்டு எடை இறக்குகிறவனுக்கு மூலையில் நிற்கமாட்டேன். 2024 ஜூனில் பூஜா தோமர் யுஎஃப்சியில் ஜெயித்த முதல் இந்தியப் பெண்ணானபோது, எங்கள் பெண் பிள்ளைகள் மேட்டில் உருண்டு கூத்தடித்தார்கள். அதில் ஒருத்தி என்னிடம் வந்து, "எனக்கு எப்போ சார் உங்க காது வரும்?" என்று கேட்டாள். ஹெட்கியர் போடாமல் இருந்ததற்கு இருபது பர்பி போடச் சொன்னேன்.

*

தங்கச்சி மகளுக்குக் காது குத்தியது 2022 பங்குனி உத்திரத்தில், அதே சாஸ்தா கோயிலில். தாய்மாமன் நான். மடியும் என்னுடையது, சீரும் என்னுடையது. இரண்டு வருஷம் காலையும் மாலையும் வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுத்துச் சேர்த்ததில் அரைப் பவுனில் தோடு, பட்டுப்பாவாடை, தட்டில் பழம், வெற்றிலை. சித்தப்பா தட்டை எட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அம்மா கவரிங் தோடு போட்டிருந்தாள்.

மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய தலையோடு பிள்ளை என் மடியில் உட்கார்ந்தாள். ஆசாரி வயதானவர். ஊசியைத் துடைத்துக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மாப்ள, ஒங்க காதுல குத்தச் சொல்லிருந்தா எனக்கு ஊசி ஒடஞ்சிருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பில் மிரண்டு பிள்ளை திமிறினாள், எட்டி என் இடது காதைப் பிடித்துக்கொண்டாள். ஒரு பக்கம் மேளம், ஒரு பக்கம் பொங்கல் பானைச் சத்தம், குலவை. அம்மா என் இடது பக்கம்தான் நின்றிருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், நிறுத்தி, எனக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து குனிந்தாள்.

காதைப் பற்றி நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. ஆபரேஷன் அன்றுகூட "சாப்ட்டேம்மா, சாம்பார்" என்றுதான் சொல்லியிருந்தேன். பெண் பார்க்கப் போன வீட்டில், பஸ்ஸில், கல்யாண மண்டபத்தில் அவள் எந்தப் பக்கம் உட்கார்ந்தாள் என்று அப்போதுதான் ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன்.

"தலைய நல்லா அணச்சிப் பிடில" என்றாள் வலது காதில். "ஆடிரப் போறா."

பிடித்துக்கொண்டேன்.